புடவைக்குள்ள கட்டுற மறைவுப் பை: ஒட்டுத்துணியில தைக்க அளவும் அடுக்கும் வேணும்

மிதிமெஷின் (சுங்கை சிப்புட்) கேட்டது:

வணக்கம். தைப்பூசத்துக்கு முன்னாடி வீட்டுல அஞ்சு பேருக்கு, துணிக்குள்ள இடுப்போட ஒட்டிக் கட்டுற பை தைக்கணும். ரெண்டு பேர் புடவை, ஒருத்தி பஞ்சாபி சூட், ரெண்டு பேர் வேட்டி. கல்லுமலை, பத்துமலை முருகன் கோயில்களுக்குத் தோளில பை மாட்டிட்டுப் போறது சரிப்பட்டு வராது. கூட்டத்துல யார் கை எங்க போகுதுன்னே தெரியாது.

பைக்குள்ள வைக்கப் போறது போன் (உறையோட 6¾ இன்ச் நீளம், 3¼ அகலம்), ஐசி (அடையாள அட்டை), கொஞ்சம் நோட்டு, ஒரு வீட்டுச் சாவி.

வீட்டுல கிடக்குறது: ரெண்டு ஜீன்ஸ், பிள்ளைங்களோட பழைய நீல ஸ்கூல் சிலுவார் (பேண்ட்) மூணு, நைஞ்சு போன பருத்தி வேட்டி ஒண்ணு, கம்பி ஒடிஞ்ச குடை ரெண்டு. மெஷின் கால்மெஷின், நேர்த்தையல் மட்டும்தான். ஜிக்ஜாக் கிடையாது.

பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) விக்கிற பையைப் பார்த்தேன். பட்டை ஒல்லி, போனை வச்சதும் தலைகுப்புறக் கவுந்துடுது. பின்பக்கம் வேர்வை இறங்கி நோட்டு நனையுது. புடவைக்கு மேல செங்கல் வச்ச மாதிரி துருத்துது. இந்த மூணும் இல்லாம எப்படித் தைக்கிறது? ஜீன்ஸ் நல்லா உழைக்கும்னு அதையே போடலாமா?

---

வெட்டுத்துணி:

ஜீன்ஸை எடுத்து வச்சிடுங்க, அதுக்கு வேற வேலை வரும். மறைவுப் பைக்கு ஸ்கூல் சிலுவார்தான் நல்ல துணி. பாலியஸ்டர் கலந்தது, மெல்லிசு, ஆனா கிழியாது, சீக்கிரம் காயும். ஜீன்ஸ்ல ஒரு மூலையில நாலு மடிப்பு சேர்ந்தா விரல் கனம் வந்துடும். துருத்துறது போனால இல்ல, பெரும்பாலும் மூலைத் தையல் கனத்தாலதான்.

அடுக்கு முக்கியம். உடம்புப் பக்கத்துல இருந்து சொல்றேன்: முதல்ல வேட்டித் துணி, அது வேர்வையை வாங்கிக்கும். அடுத்து குடைத்துணி, அதுதான் தடுப்பு. அப்புறம் நோட்டும் ஐசியும். அப்புறம் ஒரு தடுப்புத் துணி. அதுக்கு முன்னால போன். கடைசியா வெளித்துணி. பணம் உடம்போட ஒட்டி இருக்கும், அடிக்கடி எடுக்கிற போன் வெளியில இருக்கும். ஒரே ஜிப், ரெண்டு அறை.

குடைத்துணி எல்லாம் ஒண்ணு இல்ல. வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு டிஷ்யூ மேல விரிச்சு, ஒரு கரண்டி தண்ணி ஊத்தி, கட்டை விரலால நல்லா அழுத்துங்க. டிஷ்யூ நனைஞ்சா பூச்சு போயிடுச்சுன்னு அர்த்தம், அந்தக் குடை வேண்டாம். கம்பியைக் கட்டியிருந்த இடத்துல ஊசி ஓட்டை இருக்கும், அதை விலக்கி வெட்டுங்க. ஒரு முக்கோணத்துல ஒரு பைக்கு வேணும்கிற துண்டு தாராளமா வரும்.

தைச்சு முடிச்ச அளவு 8 இன்ச் அகலம், 4½ இன்ச் உயரம். உங்க போன் படுக்கையா நிக்கும். நூறு வெள்ளி (ரிங்கிட்) நோட்டு 15 செ.மீ. நீளம், 6.9 செ.மீ. அகலம், ஆக எந்த நோட்டையும் மடிக்காமப் போடலாம். மடிச்ச நோட்டுதான் சின்னதா மேடு கட்டும். ஒரு வெள்ளியும் அஞ்சு வெள்ளியும் பிளாஸ்டிக் நோட்டு, நனைஞ்சா துடைச்சுக்கலாம். பத்துல இருந்து மேல எல்லாம் காகிதம், அதுக்காகத்தான் இந்தக் குடைத்துணி.

சுத்தி அரை இன்ச் தையலுக்கு விட்டு வெட்டுறது இப்படி:

வேட்டித் துணி 9 × 5½, ஒண்ணு
குடைத்துணி 9 × 5½, ஒண்ணு
தடுப்பு (சிலுவார் துணி) 9 × 4½, ஒண்ணு
வெளித்துணி மேல்துண்டு 9 × 1½, கீழ்த்துண்டு 9 × 4
நைலான் ஜிப், 3 நம்பர், 10 இன்ச்

வேட்டித் துணியை ஏற்கெனவே நூறு தடவை துவைச்சிருப்பீங்க, அது சுருங்காது. புதுத் துணி எதையாவது சேர்த்தா முதல்ல நனைச்சுக் காயப்போட்டு இஸ்திரி போட்டுக்குங்க. இல்லன்னா முதல் துவையல்லயே ஓரம் எல்லாம் சுருக்கம் விழும்.

முதல்ல ஜிப். மேல்துண்டோட நல்ல பக்கத்தை ஜிப்போட நல்ல பக்கத்துல வச்சு, ரெண்டு ஓரத்தையும் ஒண்ணாச் சேர்த்து, கால் இன்ச்ல அடிங்க. திருப்பிப் போட்டு மேலால இன்னொரு தையல். கீழ்த்துண்டும் அதே மாதிரி. முடிஞ்சதும் உயரம் 5½ வரும். ஒரு நூல் கூடினாலோ குறைஞ்சாலோ கீழ் ஓரத்துல வெட்டிச் சமன் பண்ணிக்குங்க. ஜிப் ரெண்டு பக்கமும் அரை அரை இன்ச் நீட்டிக்கிட்டு நிக்கும். அதை இப்பவே வெட்டக் கூடாது. சுத்துத் தையல் போட்டு முடிச்சு, ஜிப் தலை பைக்கு நடுவுல இருக்கான்னு கண்ணால பார்த்த பிறகுதான் கத்திரி. தலை வெளியில நிக்கும்போது வெட்டிட்டா ஜிப் போச்சு, மொத்தத்தையும் பிரிக்கணும்.

தடுப்புத் துணியோட மேல் ஓரத்தைக் கால் இன்ச், இன்னொரு கால் இன்ச்னு ரெண்டு மடி மடிச்சு அடிங்க. இது பை உயரத்துக்கு ஒரு இன்ச் குறைவா நிக்கும், அந்த இடைவெளி வழியாத்தான் பின் அறைக்குக் கை போகும்.

இப்ப மேசை மேல அடுக்குங்க. ஜிப் வச்ச வெளித்துணி நல்ல பக்கம் மேல பார்த்து. அது மேல வேட்டித் துணி. அது மேல குடைத்துணி, பூச்சுப் பக்கம் வேட்டித் துணியைப் பார்த்து (பூச்சு நாள்பட உரியும், நோட்டுல ஒட்டக் கூடாது). எல்லாத்துக்கும் மேல தடுப்பு, மூணு ஓரம் சேர்ந்து, மடிச்ச ஓரம் ஜிப் பக்கம். ஜிப்பைப் பாதி திறந்து வச்சிட்டுச் சுத்தி அரை இன்ச்ல அடிங்க. ஜிப்பை மூடி வச்சுத் தைச்சா அப்புறம் திருப்ப வழி இல்ல. மூலையை நாலணாக் காசு வளைவுக்கு உருட்டிடுங்க. கூர் மூலை புடவையில தெரியும். உருண்டை தெரியாது.

குடைத்துணிக்குக் குண்டூசி குத்தாதீங்க, ஓட்டை ஓட்டைதான். துணிக் கிளிப்போ தலைக் கிளிப்போ போதும். குறுக்கால தையலே கூடாது. ஐசிக்கு ஒரு அறை பிரிக்கலாமேன்னு நடுவுல ஒரு தையல் போட்டா அந்தக் கோடு வழியா வேர்வை இறங்கும். ஐசியைச் சின்ன ஜிப்லாக் பாக்கெட்ல போட்டு வச்சா முடிஞ்சது.

மெஷின் காலுக்கு அடியில குடைத்துணி ஒட்டிக்கிட்டு நகராது. அடுக்குக்கு மேலயும் கீழயும் ஒரு நாள்காட்டித் தாளைக் கிழிச்சு வச்சு அடிங்க, பிறகு இழுத்தா கிழிஞ்சு வந்துடும். ஊசி 14 நம்பர். நூல் பாலியஸ்டர். பருத்தி நூல் வேர்வை உப்புல சீக்கிரம் இத்துப் போகும்.

திருப்புறதுக்கு முன்னாடி தையலுக்கு விட்டதை ஒரே அளவா வெட்டாம, ஒரு துணி கால் இன்ச், அடுத்தது அதை விடக் கொஞ்சம் கூடன்னு படிப்படியா வெட்டுங்க. அப்பத்தான் ஓரம் சரிவா இறங்கும். இஸ்திரி இளஞ்சூட்டுல, மேல ஒரு துணி போட்டு. குடைத்துணி சூடு பட்டா சுருண்டு போகும்.

பட்டை விஷயத்தை வேற யாராச்சும் சொல்லுங்க, கை வலிக்குது.

---

கோப்பேங் ஜீன்ஸ்:

ஜீன்ஸை ஒரேயடியா ஒதுக்காதீங்க. கூட்டத்துல பிளேடு போடுறவன் இருக்கான். மெல்லிசுத் துணியை ஒரே இழுப்புல கிழிச்சுடுவான், ஜீன்ஸ்ல பிளேடு மாட்டும். முன்பக்கத்துக்கு மட்டுமாவது ஜீன்ஸ் போடலாம்.

---

வெட்டுத்துணி:

அண்ணே, பிளேடு போடுறவன் தோள்பையைத்தான் தேடுவான், கண்ணுக்குத் தெரியுதுல்ல. இது புடவை, பாவாடை ரெண்டுக்கும் உள்ள இருக்கு. அதுவரைக்கும் பிளேடு வந்தா போற கவலை காசைப் பத்தி இல்ல, வயித்தைப் பத்தி. மறைவுப் பையோட பாதுகாப்பே தெரியாம இருக்கிறதுலதான். கனத்துல இல்ல.

வேர்வையில ஊறின ஜீன்ஸ், வெயில் இல்லாத நாள்ல ராத்திரிக்குள்ள காயாது. மறுநாள் நாத்தம் அடிக்கும், இடுப்புல வேர்க்குரு போடும். மேலாடைக்கு வெளியில பெல்ட்டுல மாட்டுற போன் உறைக்கு ஜீன்ஸ் மாதிரி வராது, அதை ஒத்துக்கிறேன்.

---

பேண்ட் தையல் (ஈப்போ):

பட்டை நான் சொல்றேன். தங்கச்சி, மூணு ஸ்கூல் சிலுவார் வச்சிருக்கீங்கல்ல, அதோட இடுப்புப் பட்டையைப் பிரிக்காதீங்க. அதான் உங்க பெல்ட். உள்ள கேன்வாஸ் வச்சு, ரெண்டு மடிப்பா, கொக்கியோட தயாரா இருக்கு. சிலுவார் துணியில இருந்து பட்டையை வெட்டி எடுக்கும்போது கீழ அரை இன்ச் துணி விட்டு வெட்டி, உள்ள மடிச்சு ஒரு தையல் போட்டுக்குங்க. அஞ்சு பைக்கு மூணு பட்டை பத்தாது, மிச்சத்துக்கு ஜீன்ஸ் பட்டையை எடுங்க. அந்தக் கனம் இடுப்புல தெரியாது. ஜீன்ஸ்ல இருக்கிற இரும்புப் பொத்தானை மட்டும் வெட்டிடுங்க, அது தோலை அழுத்தும், துருவும் பிடிக்கும்.

கவுந்துடுதுன்னு சொன்னீங்களே, காரணம் ரெண்டு. ஒண்ணு, பட்டை பையோட நடு உயரத்துல இருக்கு. போன் கனம் மேலயும் கீழயும் சமமாத் தொங்கும்போது சின்ன ஆட்டத்துக்கே உருண்டுடும். பட்டை மேல் ஓரத்தோட இருக்கணும், சுத்துத் தையலுக்குக் கால் இன்ச் கீழ. அப்ப கனம் முழுக்கக் கீழ தொங்கும், தானா நேரா நிக்கும். ரெண்டாவது, பட்டை ஒரு இன்ச்சுக்கும் குறைவு. ஒண்ணரை இன்ச் வேணும்.

இன்னும் நல்லா ஒட்டணும்னா பைக்கும் பட்டைக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஒரு இறக்கை வைங்க. பை பக்கம் 4 இன்ச், பட்டை பக்கம் 1½ இன்ச், நீளம் 3 இன்ச். மேல் ஓரம் நேரா, கீழ் ஓரம் மட்டும் சரிவு. ரெண்டு மடிப்பு சிலுவார் துணி போதும். பையோட விளிம்பு திடீர்னு முடியாம இடுப்பு எலும்பு மேல படிஞ்சு போகும், செங்கல் மாதிரி தெரியாது. சுத்துத் தையல் போடுறதுக்கு முன்னாடியே இறக்கையை வெளித்துணிக்கும் வேட்டித் துணிக்கும் நடுவுல உள்பக்கமா மடக்கி வச்சிடணும், தையல் அதையும் சேர்த்துப் பிடிக்கும். மேல ஒட்டித் தைச்சா குடைத்துணி ஓட்டையாகும்.

எலாஸ்டிக் மட்டுமே பெல்ட்டா வேண்டாம். படி ஏறும்போது நீளும், போன் துள்ளும். எலாஸ்டிக் பின்முதுகுப் பக்கம் ஒரு துண்டு மட்டும், மூச்சு விடுறதுக்கு. வாங்கும்போது இழுத்துப் பாருங்க. இழுத்தா அகலம் குறையுற பின்னல் எலாஸ்டிக் சுருண்டுக்கும், ஊசி பட்டா உள்ள இருக்கிற ரப்பரும் அறுபடும். இழுத்தாலும் அகலம் மாறாத நெசவு எலாஸ்டிக் எடுங்க, ஒண்ணரை இன்ச்.

அளவு நின்னுகிட்டு எடுக்காதீங்க. தொப்புளுக்கு ரெண்டு இன்ச் கீழ, உக்காந்து எடுங்க. உக்காந்தா ஒண்ணு, ஒண்ணரை இன்ச் கூடும், சாப்பிட்ட பிறகு இன்னும் கொஞ்சம். உதாரணத்துக்கு உக்காந்த அளவு 34. பை 8, ரெண்டு இறக்கை 6, பட்டைத் துண்டுகள் சேர்ந்து 13, எலாஸ்டிக் இழுத்த நிலையில 7. மொத்தம் 34. அந்த 7க்கு எலாஸ்டிக் 5½ எடுத்து, தைக்க ரெண்டு முனைக்கும் அரை அரை சேர்த்து 6½ வெட்டணும்.

ஜிக்ஜாக் இல்லன்னு கவலைப்பட வேண்டாம். முனையை இழுக்காம வச்சு, பெட்டி போட்டு நடுவுல பெருக்கல் குறி அடிச்சா நேர்த்தையலே போதும். மெஷின்ல பின்னோட்டம் இல்லன்னா துணியைத் திருப்பி அதே கோட்டுல இன்னொரு தடவை ஓட்டுங்க.

கொக்கி இடது பக்கம் வரணும். பின்னால வந்தா பஸ்ல சாயும்போது குத்தும். முன்னால வந்தா குனிய முடியாது. பிளாஸ்டிக் கிளிப் வேண்டாம், அதுவே ஒரு மேடு. பேண்ட் கொக்கி தட்டையா இருக்கும். ஒரு இன்ச் இடைவெளியில மாட்டுற கண்ணி ரெண்டு வைங்க, கூட்டிக் குறைச்சுக்கலாம். வெல்க்ரோ வச்சீங்கன்னா புடவை நூலை இழுக்கும். திறக்கும்போது சர்ருன்னு சத்தம் வேற, மறைவுப் பைக்கு அது எதுக்கு.

சாவியைப் போனோட சேர்த்துப் போடாதீங்க. போன் கண்ணாடியும் கீறும், குடைத்துணியும் குத்துப்படும். இடது இறக்கையில சின்னதா ஒரு பாக்கெட், மேல மூடி வச்சு.

---

மிதிமெஷின்:

நன்றி அண்ணே, நன்றி வெட்டுத்துணி. ரெண்டு சந்தேகம். புடவையில இதை எந்தப் பக்கம் கட்டுறது, நடுவுல போன் வந்தா எப்படி எடுக்கிறது? எல்லார் முன்னாடியும் புடவையைத் தூக்க முடியாதுலா. இன்னொண்ணு, ஒருத்தங்க பால்குடம் எடுக்கிறாங்க. மேல பால் சிந்தினா ஜிப் வழியா இறங்காதா?

---

கொசுவம்:

புடவைக்கு நான் சொல்றேன் தங்கச்சி. கொசுவத்துக்கு அடியில வைக்காதீங்க. அங்க ஏற்கெனவே ஏழெட்டு மடிப்பு இருக்கு, அது மேல பை வந்தா வயிறு முன்னால தள்ளும், கொசுவமும் விரிஞ்சு நிக்கும். இடது பக்கம் முந்தானை மேல ஏறிப் போறதால இடுப்பு தெரியும். வலது பக்கம்தான் இடம். உள்சுத்து ஒண்ணு, முந்தானைக்குப் போற சுத்து ஒண்ணுன்னு ரெண்டு மடிப்பு மறைக்கும்.

எடுக்கிற வழி பாவாடையிலயே இருக்கு. நாடா முடிச்சுப் போடுற இடத்துல ஒரு திறப்பு விட்டிருப்பாங்கல்ல, பாவாடையை அந்தத் திறப்பு வலது இடுப்புல வர்ற மாதிரி திருப்பிக் கட்டுங்க. பையை முதல்ல கட்டி, அதுக்கு மேல பாவாடை. பையோட மேல் ஓரம் நாடாவுக்கு ஒரு இன்ச் கீழ இருக்கணும். நாடாவும் பட்டையும் ஒரே கோட்டுல வந்தா ரெண்டும் சேர்ந்து அறுக்கும், ராத்திரி இடுப்புல சிவப்புக் கோடு தெரியும். திறப்பு பொதுவா நாலு, அஞ்சு இன்ச்தான் இருக்கும், அதை ஏழு இன்ச்சுக்கு வெட்டி ஓரம் மடிச்சு அடிச்சுக்குங்க. புடவை கட்டும்போது அந்த இடத்துல மேல் சொருகலைத் தளர்வா விட்டா, முந்தானைக்கு அடியில கையை விட்டு ஜிப்பைத் திறந்திடலாம். வெளியில இருந்து பார்த்தா சொருகலைச் சரி பண்ற மாதிரிதான் இருக்கும். ஜிப் தலையில ஒரு இன்ச் நாடாத் துண்டு கட்டுங்க, பார்க்காமலே விரலுக்குத் தட்டுப்படும்.

கிளம்புறதுக்கு முன்னாடி கட்டிக்கிட்டு மணையில உக்காந்து எழுந்து, செருப்பை எடுக்கிற மாதிரி குனிஞ்சு பாருங்க. போன் முனை தொடை மடிப்புல இடிச்சா பையை இன்னும் ரெண்டு விரல் பக்கவாட்டுல தள்ளுங்க. பத்துமலையில 272 படி, ஒவ்வொரு படிக்கும் முட்டி மேல வரும்.

பால் விஷயத்துக்கு: ஜிப்புக்கு மேல ஒரு மூடி போடுங்க. குடைத்துணி 9 × 4, நீளவாக்குல ரெண்டா மடிச்சா 2. இதை மேல் ஓரத்துச் சுத்துத் தையல்ல வெளித்துணியோட சேர்த்துப் பிடிச்சிடணும். திருப்பினதும் ஜிப் மேல கவுந்து நிக்கும். நெளிய நெளிய இருந்தாலும் பரவாயில்ல, பாவாடை அழுத்திப் பிடிச்சுக்கும். பால் பட்ட பையை அன்னைக்கே பச்சைத் தண்ணியில அலசணும். வெந்நீர் ஊத்தினா பால் நூல்லயே திரிஞ்சு ஒட்டும், குடைத்துணியோட பூச்சும் சீக்கிரம் உரியும்.

பஞ்சாபி சூட்காரிக்குக் கஷ்டமே இல்ல. டாப்ஸோட பக்கத்து வெட்டு வழியா கை போகும். பேண்ட் நாடாவுக்கு மேல கட்டச் சொல்லுங்க.

---

பேண்ட் தையல் (ஈப்போ):

வேட்டிக்காரங்களுக்கு: உள்ள போடுற அரைச் சிலுவாருக்கு மேல பை, அதுக்கு மேல வேட்டி. வேட்டி மடிப்பு எந்தப் பக்கம் திறக்குதோ அந்தப் பக்கம் பை. வேட்டிக்கு மேல பச்சை பெல்ட் போடுற ஆளுன்னா அதுலயே பாக்கெட் இருக்கு, நோட்டை அதுல வைக்கிற பழக்கத்தை விடச் சொல்லுங்க. அது எல்லாருக்கும் தெரிஞ்ச இடம்.

ரெண்டு பேர்ல யாராச்சும் பெரிய காவடி எடுக்கிறாங்கன்னா அவங்களுக்குப் பையே வேண்டாம். காவடிச் சட்டத்தோட இடுப்புப் பட்டை அதே இடத்துல இறுக்கும், போன் கண்ணாடி தாங்காது. அவங்க ஐசியையும் போனையும் கூட வர்றவங்க பையில வைங்க. ரெண்டு போன் ஒண்ணு மேல ஒண்ணு வைக்கக் கூடாது, பக்கத்துல பக்கத்துல நிக்க வைக்கணும். அப்படின்னா உயரம் 7½ ஆகும், அது இடுப்புல நிக்காது. அதனால ரெண்டாவது போனுக்கு வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணுன்னு ஒரே பட்டையில ரெண்டு சின்னப் பை.

---

வெட்டுத்துணி:

ஒண்ணு விட்டுப் போச்சு. பவர்பேங்கை இதுக்குள்ள வச்சு சார்ஜ் போடவே கூடாது. குடைத்துணி வேர்வையை மட்டும் இல்ல, சூட்டையும் போக விடாது. போன் சூடேறினா அது வயித்தோட ஒட்டியிருக்கு. பவர்பேங்க் தோள்பையில கிடக்கட்டும்.

முதல் பையைத் தைச்சதும் மத்த நாலையும் வெட்டிடாதீங்க. அதுல ஒரு டிஷ்யூவைப் பின் அறையில வச்சு, அரை நாள் வீட்டு வேலை செய்யுற ஆள் இடுப்புல கட்டிப் பாருங்க. டிஷ்யூ கீழ் ஓரத்துல மட்டும் நனைஞ்சிருந்தா அடித்தையல் வழியா வருது. கீழ் ஓரத்தைத் தைக்கும்போது குடைத்துணியை மட்டும் கால் இன்ச் தளர்வா விட்டுத் தைக்கணும், இழுத்துப் பிடிச்சா ஊசி ஓட்டை விரியும். நடுவுல நனைஞ்சிருந்தா துணிதான் சரியில்ல, ரெண்டாவது குடையை வெட்டுங்க.

---

மிதிமெஷின்:

ரெண்டு குடையையும் கரண்டித் தண்ணி ஊத்திப் பார்த்தாச்சு. கறுப்புக் குடை ஒழுகுது, பூப்போட்டது நிக்குது. பூப்போட்டதுல எட்டு முக்கோணம், அஞ்சு பைக்கும் ஜிப் மூடிக்கும் சேர்த்துப் போதும். நாளைக்கு எலாஸ்டிக் வாங்கிட்டு முதல் பையை ஆரம்பிக்கிறேன்.